இன்றைக்கு வேண்டாம் என்று சொல்வது யார்?

சோளகம் எழும்பிவிட்டால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வானொலியில் அடிக்கடி வரும். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் அவ்வப்போது மணித்தியாலத்துக்கு 60, 70 கிலோமீற்றர் வரை அதிகரிக்கக்கூடும், கடற்றொழிலாளர்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்பார்கள். அதைக் கேட்டதும் கற்பிட்டிக் கரையில் இரண்டு விதமான அசைவு தெரியும். கடலோரத்தில் வள்ளங்களை மணல்மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். கொஞ்சம் தள்ளிக் களப்போர விடுதிகளில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பட்டங்களுக்குக் காற்றடிக்கத் தயாராவார்கள். ஒரு தரப்புக்கு அது தொழில் இல்லாத நாள். மற்றத் தரப்புக்கு, மாதக்கணக்கில் காசு சேர்த்து விமானம் ஏறி வந்ததே அந்த நாளுக்காகத்தான்.

இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்பவர் வழிகாட்டி. கற்பிட்டியில் கைட் சர்ஃபிங், அதாவது பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு, கற்றுக்கொடுப்பவர்களிலும் வள்ளம் ஓட்டுபவர்களிலும் பலர் இந்தக் கரையின் கடற்றொழில் குடும்பங்களின் பிள்ளைகள். வானொலி சொன்னதும் அவர்களுக்கு விளங்கும், விருந்தினரின் அவதியும் விளங்கும். இன்றைக்குத் தண்ணீரில் இறங்கலாமா, எந்த இடத்தில், எந்த அளவுப் பட்டத்தோடு, எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல வேண்டும். கற்பிட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் நீலத் தண்ணீரையும் மணல் திட்டையும் டொல்பின் கூட்டத்தையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கரையில் தினமும் காலையில் எடுக்கப்படும் அந்த முடிவைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அது பிழைத்தால் ஓர் உயிர் போகலாம். சரியாக இருந்தால் வழிகாட்டியின் ஒருநாள் வருமானம் போகிறது. இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை எத்தனை தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தாலும் போதாது என்பது என் எண்ணம்.

காற்றின் வழியில் ஒரு நிலம்

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்புவார்கள். அங்கிருந்து கற்பிட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் திறந்த கடல். நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில், கண்டக்குழி என்று ஊர்கள். மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. மின்சாரம் எடுக்கிற அளவுக்கு இங்கே காற்று நின்று வீசும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. நிலம் முடியும் இடத்தில், களப்பின் வாயைக் காவல் காக்க ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. அதற்கு அப்பால் இப்பந்தீவு, உச்சமுனை, பத்தலங்குண்டு என்று தீவுகளும் மணல் திட்டுகளும் வடக்கே மன்னாரை நோக்கிச் சிதறிக் கிடக்கின்றன.

மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இந்து சமுத்திரத்தில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடி வந்து இந்த மணற்கீற்றைத் தாண்டுகிறது. கீற்று தாழ்வானது. காற்று அதில் உடைந்து சுழலாமல் சீராகவே களப்புக்குள் இறங்கும், அலை மட்டும் மணலில் தடைபட்டு நின்றுவிடும். பலத்த காற்றும் அலையில்லாத தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பது உலகத்தில் எல்லாக் கரைக்கும் வாய்ப்பதில்லை. கற்பிட்டிக்கு ஐரோப்பியர்கள் தேடி வருவதன் காரணம் அதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக் காலத்திலும் ஆட்கள் வருவார்கள். அப்போது காற்று மெலிந்துவிடும்.

கைட் சர்ஃபிங் பழைய விளையாட்டு அல்ல. பிரான்ஸின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த லெகெய்னூ சகோதரர்கள், காற்றடித்த குழாயால் விறைப்பாக நிற்கும் பட்டத்துக்கு 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் திரும்ப எழும்பும் பட்டம் அது. தொண்ணூறுகளின் கடைசியில்தான் அது கடைக்கு வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் இது பதக்கப் போட்டியாகவே நடந்தது.

பட்டம் என்றதும் பிள்ளைகள் ஏற்றுகிற பட்டத்தை நினைத்துவிடக் கூடாது. 9 அல்லது 12 சதுர மீற்றர் துணி, அதிலிருந்து இறங்கும் 20 மீற்றருக்கும் மேல் நீளமான கயிறுகள், கயிறுகள் வந்து சேரும் தண்டு கையில், இழுவை முழுவதும் இடுப்பில் கட்டிய பட்டியில், காலில் பலகை. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுதான். காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 15 நொட் காற்றுக்கென்று ஏற்றிய பட்டத்தை 25 நொட் காற்று பிடித்தால் இழுவை ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு 1.85 கிலோமீற்றர். வானொலி சொல்லும் 60 கிலோமீற்றர் என்பது 32 நொட்டுக்கு மேல். நல்ல நாள் என்று எல்லோரும் கொண்டாடும் 20 நொட்டுக்கும் அதற்கும் இடையே சில நிமிட இடைவெளிதான் இருக்கும், கடலில் ஒரு கருமேகம் ஏறிவிட்டால்.

ஏறுமுன் அடையாளம் தெரியும். மேற்கே தண்ணீரின் நிறம் ஒரு கோடாகக் கறுக்கும். அந்தக் கோட்டில் நுரை வெள்ளையாக உடையும். சில வேளை அதற்கு முன் காற்று ஒரேயடியாக விழுந்துவிடும், பட்டங்கள் தளர்ந்து தொங்கும். புதிதாகப் பழகுகிறவர் காற்று போய்விட்டதே என்று சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் வழிகாட்டி கையை உயர்த்தி எல்லோரையும் கரைக்குக் கூப்பிட வேண்டும். பட்டத்தை இறக்குவது ஒருவர் தனியே செய்கிற வேலை அல்ல. கரையில் ஒருவர் நின்று பட்டத்தின் விளிம்பைப் பிடித்து மணலில் கிடத்தி மேலே மண் அள்ளிப் போட வேண்டும். தண்ணீரில் பத்துப் பேர், கரையில் இரண்டு உதவியாளர் என்றால் மேகம் வருவதற்குள் எத்தனை பட்டம் இறங்கும்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை விருந்தினர் என்று கேட்பது வசதிக்கான கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தக் கணக்கைப் பற்றிய கேள்வி.

பட்டியின் முன்னால், தொப்புளுக்கு நேரே, சிவப்பு நிறத்தில் ஒரு பிடி இருக்கும். அதை உடம்பிலிருந்து வெளியே தள்ளினால் இழுவை அறுந்துவிடும். தண்டு பறந்து போகும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடியைப் போல் படபடத்துத் தண்ணீரில் விழும். அதுவும் போதாவிட்டால் அந்த ஒற்றைக் கயிற்றையும் விடுவிக்க இன்னொரு பிடி உண்டு. தொடக்க காலப் பட்டங்களில் இது இப்படிச் சுலபமாக இருக்கவில்லை. 2002இல் ஜேர்மனியில் நடந்த ஒரு போட்டியின்போது முன்னணி வீராங்கனை ஒருவர் பட்டத்திலிருந்து விடுபட முடியாமல் இழுபட்டு இறந்தார். அதன் பிறகுதான் உற்பத்தியாளர்கள் விடுவிப்புப் பிடியில் முழுக் கவனம் செலுத்தினார்கள். 2020இல் அதற்கென்று சர்வதேசத் தர நிர்ணயமே வந்துவிட்டது. ஆனால் மனிதரின் கை மாறவில்லை. பயந்தவர் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்து நெஞ்சோடு அணைப்பார். தண்டை நெஞ்சோடு இழுத்தால் பட்டத்தின் பலம் கூடும், கையை விட்டால்தான் குறையும். பயத்தில் கையை விடுவதற்கு உடம்பைப் பழக்க வேண்டும். நல்ல பயிற்றுநர்கள் முதல்நாள் முழுவதும் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள். காசு கொடுத்தவருக்கு அது சலிப்பாகத்தான் இருக்கும்.

பனிமலை சொல்லும் பாடம்

கற்பிட்டியைப் பற்றி எழுதும்போது பனிமலை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். காசு கொடுத்து, வழிகாட்டியோடு போய், இயற்கையின் மிகப் பலமான ஒன்றோடு விளையாடுவதில் உலகம் அதிக விலை கொடுத்துக் கற்றது அங்கேதான். ஹெலிகொப்டரில் மலையுச்சிக்குப் போய் இறங்கி, யாருடைய தடமும் படாத பனியில் சறுக்கி வருவதை ஹெலி ஸ்கீயிங் என்கிறார்கள். ஒஸ்திரியாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய மலை வழிகாட்டி ஹான்ஸ் குமோசர் 1965இல் பகபூ மலைகளில் இதைத் தொழிலாகத் தொடங்கினார். இப்போது நம் பக்கத்தில் காஷ்மீரின் குல்மார்க்கிலும் இமாச்சலத்தின் மணாலிப் பக்கத்திலும் நடக்கிறது.

அங்கே எமன் பனிச்சரிவு. பழைய பனியின் மேல் பலவீனமான ஓர் அடுக்கு, அதற்கு மேல் புதுப்பனி கட்டிய பலகை. 30 முதல் 45 பாகை வரை சரிந்த மலைப்பக்கத்தில் ஓர் ஆள் ஏறி நின்றாலே அந்தப் பலகை உடைந்து மொத்தமாகக் கீழே வரும். பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பாலானோரைக் கொன்ற சரிவைத் தொடக்கிவிட்டது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு அது வேகமாகக் குறையும். கொடுமை என்னவென்றால், சறுக்குவதற்கு ஆகச் சிறந்த நேரம் பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள். சரிவுக்கும் அதுவே நேரம். இன்பமும் ஆபத்தும் ஒரே முகிலிலிருந்து விழுகின்றன. கற்பிட்டியிலும் அப்படித்தான். நாளைக் கொண்டாட்டமாக்கும் காற்றும் உயிரை எடுக்கும் காற்றும் ஒரே திசையிலிருந்து, ஒரே நாளில் வருகின்றன.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன் 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார். அவர் கண்டது சங்கடமான உண்மை. சிக்கியவர்களில் பலர் பயிற்சி பெற்றவர்கள். ஆபத்தின் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தன. இருந்தும் போனார்கள். பழகிய இடம்தானே என்ற தைரியம், வந்த காரியத்தை முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம், கூட வருபவர்கள் மதிக்க வேண்டும் என்ற ஆசை, முன்னால் போகிறவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை, மற்றவர்கள் போகிறார்களே என்ற சமாதானம், இன்று விட்டால் இனிக் கிடைக்காது என்ற அவசரம். பழகிய இடங்களில் பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களைப் போலவே துணிந்தார்கள் என்பது அந்த ஆய்வில் என்னை ஆக உலுக்கிய செய்தி.

இந்த ஒவ்வொன்றையும் கற்பிட்டிக் களப்போரத்தில் வைத்துப் பாருங்கள். பயணத்தின் கடைசி நாள். இரவு கட்டுநாயக்கவில் விமானம். இன்னும் அந்தத் தூரத்து மணல் திட்டுக்குப் போகவில்லை. பக்கத்து விடுதிக்காரர்கள் போய்விட்டார்கள். முன்னால் போகும் வழிகாட்டி பத்து வருடமாக இதே தண்ணீரில் நிற்பவர். பனிக்குப் பதில் தண்ணீர், வேறு வித்தியாசமில்லை.

2024 பெப்ரவரியில் குல்மார்க்கின் அபர்வாட் மலைப்பக்கத்தில் பனிச்சரிவில் சிக்கி ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். அந்தக் குழு உள்ளூர்க்காரர் துணையின்றிப் போயிருந்ததாக அப்போது அதிகாரிகள் கூறினார்கள். அதற்கு முந்திய வருடம் பெப்ரவரி முதலாம் திகதி அதே மலையில் போலந்து நாட்டவர் இருவர் இறந்திருந்தார்கள்.

வழிகாட்டி இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 1991 மார்ச்சில் பகபூவில், குமோசர் தொடங்கிய அதே நிறுவனத்தின் ஹெலி ஸ்கீயிங் குழுவொன்றின் மேல் சரிவு விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். இறந்தவர் ஒருவரின் குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1996இல் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் வழிகாட்டியிடம் கவனக்குறைவு இல்லை என்றும் விருந்தினர் கையொப்பமிட்ட விலக்குப் பத்திரம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. சட்டம் அத்தோடு முடிந்தது. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அத்தோடு விடவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

1991இலேயே கனடாவின் பனிச்சரிவுச் சங்கம் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. மலையில் வேலை செய்யும் நிறுவனங்கள், தொழிலில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்தாலும், தாங்கள் அன்றன்று கண்ட சரிவுகளையும் பனியின் நிலையையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நிறுவனங்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. காலையில் ஹெலிகொப்டர் கிளம்புமுன் வழிகாட்டிகள் எல்லோரும் உட்கார்ந்து, தங்கள் பகுதியிலுள்ள ஒவ்வொரு சறுக்குப் பாதையையும் பெயர் சொல்லி எடுப்பார்கள். இன்றைக்குத் திறந்ததா, மூடியதா? ஒருவர் மறுத்தாலும் அது மூடியதுதான். காலையில் மூடியதைப் பகலில் யாரும் திறக்க மாட்டார்கள், வெயில் எவ்வளவு அழகாக அடித்தாலும், விருந்தினர் எவ்வளவு கெஞ்சினாலும்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அவர்கள் முடிவெடுக்கும் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்பதே. உச்சியில் நின்றுகொண்டு, கீழே தடம்படாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, காசு கொடுத்தவர் முகத்துக்கு நேரே முடிவெடுப்பது மனிதரால் முடியாத காரியம். அதனால் அந்த இடத்துக்குப் போகுமுன்பே எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

2003 ஜனவரி 20இல் கனடாவின் செல்கர்க் மலைகளில் வழிகாட்டிகளோடு போன ஒரு குழுவில் ஏழு பேர் சரிவில் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ரோஜர்ஸ் கணவாய்ப் பக்கம் பாடசாலைப் பயணம் போன பிள்ளைகள் ஏழு பேர். நாடே கலங்கிப் போனது. அடுத்த வருடமே பொதுமக்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை கொடுக்கத் தேசிய அளவில் ஒரு நிலையம் அமைந்தது.

ஹெலிகொப்டரும் வள்ளமும்

கால்நடையாக மலையேறுகிறவருக்கு ஒவ்வோர் அடியிலும் பனி ஏதாவது சொல்லும். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே பொதுக்கென்று அமிழ்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும். ஹெலிகொப்டர் அந்தப் பாடம் முழுவதையும் தாண்டி உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கற்பிட்டியில் வள்ளம் செய்வதும் அதுதான். நேற்றிரவு கட்டுநாயக்கவில் இறங்கியவர் இன்று மத்தியானம் களப்பின் வாயைத் தாண்டி மணல் திட்டில் நிற்கிறார். தண்ணீர் எங்கே முழங்காலளவு, எங்கே ஆளை மூடும் என்று அவருக்குத் தெரியாது. எங்கே வலை கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் போனால் நீரோட்டம் கடலுக்கு இழுக்கும் என்பதும் தெரியாது. திரும்பி நடந்து போக வழியும் கிடையாது. அவருடைய அறிவு முழுவதும் வழிகாட்டியின் தலையில் இருக்கிறது.

காற்று போகும் திசையிலேயே நீண்ட தூரம் போகும் பயணங்களை இங்கே டவுன்விண்டர் என்கிறார்கள். தீவுகளை ஒட்டி வடக்கே போவதும், மன்னார் வரைக்கும் பல நாள் போவதும் உண்டு. அற்புதமான பயணம். ஆனால் வந்த வழியே காற்றை எதிர்த்துத் திரும்புவது ஏறக்குறைய முடியாது. பின்னால் வரும் வள்ளம்தான் ஒரே திரும்பும் வழி. அதில் என்ஜின் ஒழுங்காக இருக்கிறதா, மேலதிகப் பெற்றோல் இருக்கிறதா, ஓட்டுபவர் பட்டக்கயிறு சுற்றாமல் ஆளைத் தூக்கத் தெரிந்தவரா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கயிறு புரொப்பெல்லரில் சுற்றிவிட்டால் காப்பாற்ற வந்த வள்ளத்தையே காப்பாற்ற வேண்டி வரும். 2022இல் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லாமல் இந்தக் கரை முழுக்க வள்ளங்கள் மணலில் கிடந்ததை மறந்துவிட முடியாது. எரிபொருளை மிச்சம் பிடிக்கும் பழக்கம் அன்றைய அவலத்தில் வந்தது, அது இன்னும் சில கைகளில் இருக்கிறது.

களப்புத் தண்ணீர் ஆழமில்லை என்பதைப் பாதுகாப்பு என்றே விளம்பரம் செய்கிறார்கள். பழகுகிறவருக்கு அது உண்மை. விழுந்தால் எழுந்து நிற்கலாம். பத்து மீற்றர் உயரம் துள்ளுகிறவருக்கு அதே முழங்காலளவுத் தண்ணீர்தான் எமன். அந்த உயரத்திலிருந்து விழுகிறவரை அது தாங்காது. உயரத் துள்ள விரும்புகிறவரை ஆழமுள்ள இடத்துக்குக் கூட்டிப் போவதும், போக முடியாத நாளில் துள்ளலை மறுப்பதும் வழிகாட்டியின் வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். களப்பில் வலை கட்டியும் சிறு வள்ளத்தில் போயும் தொழில் செய்கிறவர்களுக்குப் பட்டக்காரர் வரும் முன்பிருந்தே அது வயிற்றுப்பாடு. பலகையின் அடியில் உள்ள துடுப்பு கூர்மையானது. அது வலையில் மாட்டினால் வலை கிழியும், ஆளும் விழுவார். எந்தத் துண்டில் இன்றைக்கு யார் வலை கட்டியிருக்கிறார் என்பது உள்ளூர் வழிகாட்டிக்குத் தெரியும், ஏனென்றால் கட்டியவர் அவருடைய மாமாவாக இருப்பார்.

அறிவு யாரிடம், அதிகாரம் யாரிடம்

இந்தக் கரையின் மக்களைப் போலக் காற்றைப் படித்தவர்கள் குறைவு. தலைமுறை தலைமுறையாகக் கற்பிட்டியில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள், பருவத்துக்குப் பருவம் பத்தலங்குண்டில் வாடி போட்டுத் தங்கும் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து வேரூன்றியவர்கள், தெற்கே உடப்புக் கரைவலைக்காரர்கள். சோளகம் எப்போது உடையும், வாடை எப்போது தொடங்கும் என்பதைக் காதோரம் உரசும் காற்றிலிருந்தே சொல்லக்கூடியவர்கள் இவர்களுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் தொழிலின் அமைப்பில் இந்த அறிவு ஆகக் கீழே கிடக்கிறது. மேலே விருந்தினர், அவருக்குக் கீழே விடுதி உரிமையாளர், அதற்குக் கீழே சர்வதேசச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர், கடைசியில் வள்ளக்காரர். கடலைப் பற்றி ஆக அதிகம் தெரிந்தவர் கடைசியில் நிற்கிறார். அவர் மேகத்தைப் பார்த்து, "தம்பி, இன்றைக்கு வேணாம்" என்று சொன்னால் பயிற்றுநர், "கொஞ்ச நேரம் பார்ப்பமே நானா, அவங்களுக்கு நாளைக்கு ஃப்ளைட்" என்பார். பயிற்றுநருக்கும் தெரியும். விருந்தினரிடம் போய் மறுப்பதற்கு அவரிடம் பலமில்லை. வள்ளம் கிளம்பினால்தான் வள்ளக்காரருக்குக் கூலி. கிளம்பாத நாளுக்கு ஒன்றுமில்லை. அவரும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பினும் திமிங்கிலமும் பார்க்கப் போகும் பயணங்களிலும் இதே கதைதான். அநேகமாக இதே வள்ளங்கள், இதே ஆட்கள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போ, இன்னும் கொஞ்சம் தூரம் போ என்ற வற்புறுத்தல். இங்கே பயணிகளில் பெரும்பாலானோர் நம்மவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள். உயிர்காப்பு அங்கியைக் கழுத்தில் மாட்டிக் கட்டாமல் விடுவதும், படம் எடுக்க எழுந்து நிற்பதும் நம் பழக்கங்கள். உட்காருங்கள் என்று சொல்லும் பொடியனை முறைப்பதும் நம் பழக்கம்தான்.

விபத்து நடந்த பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்தால், 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியுலன்ஸ் உண்டு. கற்பிட்டியில் வைத்தியசாலை உண்டு, கடற்படையும் உண்டு. ஆனால் திட்டிலிருந்து வள்ளத்தில் கரைக்கு, கரையிலிருந்து மணல் பாதையில் தெருவுக்கு, தெருவிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு என்று ஒவ்வொன்றும் நேரம் தின்னும். பனியில் புதைந்தவருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் தண்ணீரில் முகம் குப்புறக் கிடப்பவருக்கு அதைவிடக் குறைவு. பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

கனடாக்காரர்களின் காலைக் கூட்டத்தைக் கற்பிட்டியில் நடத்துவதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. காலை ஏழு மணிக்கு கைட் சர்ஃபிங் நிலையங்களின் தலைமை வழிகாட்டிகளும் மூத்த வள்ளக்காரர் இருவரும், ஒரு வாட்ஸ்அப் குழுவிலாவது, அன்றைய இடங்களைப் பெயர் சொல்லி எடுக்கலாம். கப்பலடிக் களப்பு, கற்பிட்டிக் களப்பு, வெளித்திட்டு, தீவுப் பயணம்: எது திறந்தது, எது மூடியது, எத்தனை மணி வரை. ஒரு வள்ளக்காரர் மறுத்தாலும் மூடியது. நேற்று யாருக்கு எங்கே என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழில் போட்டி இருக்கும் இடத்தில் இது கடினம் என்பார்கள். பகபூக்காரர்களுக்கும் போட்டி இருந்தது. கரையில் ஒரு பலகையில் அன்றைய முடிவை எழுதி வைத்தால் விருந்தினர் கெஞ்ச வேண்டிய முகமே இருக்காது, பலகைதான் இருக்கும்.

மிச்சம் காசுப் பிரச்சினை. ரத்தான பயணத்துக்கு விருந்தினருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் அல்லது இன்னொரு நாள் கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் அடம்பிடிப்பார், அடம்பிடிப்பது நியாயமாகவும் தோன்றும். வள்ளக்காரருக்கும் அன்றைய கூலியில் ஒரு பங்காவது போய்ச் சேர வேண்டும். பருவம் முழுக்க ஒவ்வொரு முன்பதிவிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால் காற்று மிஞ்சிய நாட்களுக்கு அது ஈடு கொடுக்கும். முன்பதிவு செய்கிறவர்களும், கொழும்பிலிருந்து போனாலும் கோபன்ஹேகனிலிருந்து போனாலும், அறையின் படத்தைப் பார்க்குமுன் இதைக் கேட்கலாம்: நீங்கள் ரத்துச் செய்தால் என் பணம் என்னவாகும், உங்கள் வள்ளக்காரரின் பணம் என்னவாகும்? இதற்கு நேரான பதில் வைத்திருக்கும் நிலையத்தோடு நான் என் பிள்ளையை அனுப்புவேன்.

வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத ஏப்ரல் கிழமைகளில் கற்பிட்டியில் காற்றும் இருக்காது, பட்டக்காரரும் அதிகம் இருக்க மாட்டார்கள். நிலையக்காரர்களும் வள்ளக்காரர்களும் ஒன்றாக உட்கார்வதற்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது. ரத்தான நாளின் கூலி எவ்வளவு, அதை யார் எப்போது கொடுப்பது என்பதை முதலாவதாக எடுத்துக்கொள்ளலாம். அது தீர்ந்தால் மற்றவற்றை ஒரு பின்னேரத்தில் பேசி முடித்துவிடலாம்.